பதினாலாம் நம்பரின் இடது தோள்

என் மகன் முதன்முதலாக ஒருவனுடைய மூக்கை உடைத்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொல்லலாம் என்று வைத்தால், கதை போகிற போக்கில் என்னை நல்லவளாக்கிவிடுவேன். எனக்கு அது நன்றாக வரும்.

1998ஆம் ஆண்டுக் குளிர்காலம், இங்கே அது ஜூன் ஜூலையை ஒட்டி வரும். ஒக்லாந்தின் மேற்கே, வெஸ்ட்கேட் கடைகள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த பக்கத்தில் எங்கள் வீடு. மன்னாரிலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. நான், றோஸ்மேரி, ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். என் கணவர் கிளெமென்ட் கட்டட வரைபடம் கீறுகிற கந்தோரில் வேலை. ஒரே மகன் றொய்ஸ்டனுக்குப் பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். இரண்டு பக்கமும் விளங்கியதால் யாரும் குறைப்படவில்லை.

அவனுக்கு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டது. காலில் கத்தி வைத்த சப்பாத்து, கையில் வளைந்த தடி, உடம்பெல்லாம் கவசம், முகத்துக்குக் கம்பிக் கூடு. கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்து வலைக்குள் போடவேண்டும். வட்டை வைத்திருக்கிறவனை மற்றவன் உடம்பால் மோதிச் சுவரோடு நசுக்கலாம். அது குற்றமில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்தினால் மட்டும் வெளியே உட்கார வைப்பார்கள். பிறகு திரும்பவும் விடுவார்கள், மிச்சத்தைப் போட.

பதினெட்டு வயதுக்குக் கீழே நாலு அணிகள். எல்லோருக்கும் ஒரே அரங்கு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மே மாதம் முதல் ஆட்டத்துக்குப் மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு சேலையில் போய் உட்கார்ந்தேன். மேலே மூன்று உடுப்புப் போட்டும் குளிர் விடவில்லை. ஐந்து நிமிஷம் போயிருக்காது, எனக்கு நேர் கீழே ஒரு பையன் வழுக்கிக்கொண்டு வந்து றொய்ஸ்டனைச் சுவரில் மோதினான். மோதிய வேகத்தில் பலகை அதிர்ந்து என் காலடிவரை தெரிந்தது. றொய்ஸ்டன் விழுந்து, மூச்சு வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். மோதியவன் தடியால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஊரில் சோதனைச் சாவடியில் என் பையைத் தலைகீழாகக் கொட்டியவன் அப்படிச் சிரித்தான். இங்கே வார்டில், வேறு நர்ஸ் இல்லையா என்று என்னிடமே கேட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரனைப் பார்த்து ஒரு கிழவன் அப்படிச் சிரித்தான். இரண்டு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பத்து நாலு வயதுவரை நான் ஒருத்தரையும் திருப்பி அடித்ததில்லை.

“எழும்படா” என்று கத்தினேன். “எழும்பித் திருப்பிக் குடு அவனுக்கு. நசிச்சு விடு.”

அரங்கிலிருந்த நாற்பது ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். றொய்ஸ்டன் எழும்பினான். அடுத்த தடவை அந்தப் பையன் வட்டோடு வந்தபோது இவன் முழு வேகத்தில் போய்த் தோளால் இடித்ததில் அவனுடைய தலைக்கவசம் கழன்று ஐஸில் உருண்டு போனது. என் நெஞ்சுக்குள் சூடாக ஏதோ பரவியது. அது சந்தோஷம்தான். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று வரும் வழியில் காரில் சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். அவனோ, மேலே இருந்து பார்க்கிற உங்களுக்குத்தான் எல்லாம் தெரிகிறது, இனியும் கத்துங்கள், அங்கே ஒருத்தருக்கும் விளங்காது என்று இங்கிலீஷில் சொன்னான்.

அவன் சொன்னது சரிதான். எங்கள் கோச் கத்தினால் எதிரணியும் கேட்டு உஷாராகிவிடும். நான் கத்தினால் அவர்களுக்கு அது வெறும் இரைச்சல். “பின்னால வாறான்.” “வலப்பக்கம் சுத்தப்போறான், மறி.” “இவன் களைச்சுப்போனான், இப்ப குடு.” பக்கத்தில் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்து குடிக்கிற தாய் ஒருத்தி, நீ என்ன சொல்லிக் கத்துகிறாய் என்று கேட்டாள். ஜெபம் சொல்கிறேன் என்றேன். எவ்வளவு அழகு என்று சொல்லி எனக்கும் ஒரு கப் ஊற்றித் தந்தாள்.

இருபது வருஷம் உடைந்த எலும்புகளோடு பழகியவள் நான். முழங்காலில் நோ உள்ளவன் எந்தப் பக்கம் திரும்பத் தயங்குவான், மணிக்கட்டுச் சுளுக்கியவன் தடியை எப்படிப் பிடிப்பான் என்று என் கண்ணுக்குத் தப்பாது. அதையும் கத்தினேன். “ஏழாம் நம்பருக்கு வலது முழங்கால் சரியில்லை. அந்தப் பக்கத்தால போ.” றொய்ஸ்டன் அந்தப் பக்கத்தால் போனான்.

ஜூனில்தான் மூக்கு. பச்சைச் சட்டை அணியில் மலை மாதிரி ஒருவன், றொய்ஸ்டனின் காலைத் தடியால் வாரிவிட்டான். இருவரும் கையுறையை உதறினார்கள். இழுபறியில் அவனுடைய தலைக்கவசம் கழன்றது. “விடாத, விடாத” என்று நான் கத்தக் கத்த, றொய்ஸ்டன் அவனுடைய சட்டையைப் பிடித்துத் தலைக்கு மேலால் இழுத்து, மற்றக் கையால் நாலு குத்துக் குத்தினான். நாலாவது குத்தில் மூக்கு ஒரு பக்கம் போனது. ஐஸில் சர்பத் கொட்டியது மாதிரி ரத்தம். நான் கைதட்டினேன். கோப்பித் தாய் தன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நாலு கதிரை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கிளெமென்ட் அரங்குக்குள் வருவதில்லை. காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். அன்று றொய்ஸ்டனின் சட்டையில் ரத்தத்தைக் கண்டதும் பேப்பரை மடித்து வைத்தார்.

“ஆஸ்பத்திரியில கட்டுறாய், இஞ்ச உடைக்கிறாய். உனக்கு என்ன பிடிச்சிருக்கு றோஸ்?”

“நான் எங்க உடைச்சனான்? நான் சும்மா இருந்து பாக்கிறன்.”

“சும்மா இருந்து பாத்ததோ? உன்ர சத்தம் கார் பார்க் வரைக்கும் கேக்குது. எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும்.”

பின்சீற்றிலிருந்த றொய்ஸ்டன் சிரித்தான். நானும் சிரித்தேன். கிளெமென்ட் மட்டும் சிரிக்காமல் காரை எடுத்தார்.

ஜூலையில் கனடா வந்தது. நாலு அணிகளுக்கும் மேலாக ஒரு தலைமைக் கோச் இருந்தார். கனடாவின் மேற்கே சஸ்கச்சுவான் என்கிற மாகாணத்தில், வருஷத்தில் பாதி பனி மூடிக்கிடக்கிற ஒரு சின்ன ஊர் அவருக்கு. அந்த ஊர் ஜூனியர் அணியை அவருடைய அண்ணன் நடத்திக்கொண்டிருந்தார். ஒக்லாந்திலிருந்து ஒரு பையனை ஒரு வருஷத்துக்கு அனுப்பலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, பள்ளிக்கூடம் போய், வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடலாம். கோச் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்: தடுப்பாட்டக்காரன் ஒருவன்தான் வேண்டும், பருவம் முடியும்போது தெரிவு செய்வேன், தொடங்கிய மோதலை முடிக்கிறவனாக இருக்கவேண்டும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். றொய்ஸ்டனுக்கும் வேண்டும். அவன் அறைச் சுவரில் மூன்று வருஷமாக அந்த மாகாணத்தின் படம் ஒட்டியிருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது வேறு மாதிரி. எங்கள் பிள்ளையை ஒருத்தன் தேர்ந்தெடுத்தான் என்று நான் வார்டிலும் கோயில் மண்டபத்திலும் சொல்லவேண்டும். வேறு ஆள் இல்லையா என்று யாரும் கேட்காமல், இவன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போகவேண்டும். இரவில் கண்ணை மூடினால் அந்த வசனம்தான் ஓடும்.

குறுக்கே நின்றவன் பதினாலாம் நம்பர். சிவப்புச் சட்டைக்காரர் தெற்குப் பக்கம், பாபகூராப் பையன்கள். அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் அவன். சட்டையில் நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. கம்பிக் கூட்டுக்குள் முகம் தெரியாது. கையுறை, கழுத்துக் கவசம், நீளக் காலுறை எல்லாம் போட்டபிறகு மனிதத் தோல் ஓர் அங்குலமும் வெளியே தெரியாது. ஆர் அவன் என்று றொய்ஸ்டனைக் கேட்டேன். டீஜே என்று கூப்பிடுகிறார்கள், வேறொன்றும் தெரியாது என்றான். அவர்களுக்கு உடை மாற்றும் அறையும் வேறு, வாசலும் வேறு. எவனோ ஒரு வெள்ளைக்காரப் பொடியன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பொடியன் என்றாலும் கெட்டிக்காரன். றொய்ஸ்டன் அவனை மோதப் போனால் கடைசி நொடியில் நழுவிவிடுவான். நான் “இடப்பக்கத்தால போய்ப் பிடி” என்று கத்தினால், றொய்ஸ்டன் அந்தப் பக்கம் போகுமுன்னே அவன் வலப்பக்கத்தால் போய்விடுவான். “இப்ப நிண்டு குடு” என்றால் அவன் குனிந்துவிடுவான், றொய்ஸ்டன் சுவரில் போய் மோதுவான். ஒரு பின்னேரம் மூன்று தடவை இப்படி நடந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. முதுகில் கண் வைத்திருக்கிறான் சனியன் என்று கத்தினேன். அவன் எனக்குக் கீழால் போகும்போது தடியை என் பக்கம் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

கோச் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஒன்றில் உன் மகன், இல்லாவிட்டால் சிவப்பின் பதினாலு. வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் நடுவில் இருவரும் கைகலந்தார்கள். நான்தான் மூட்டிவிட்டேன். “கையுறையைக் கழட்டு, கோச் பாக்கட்டும்” என்று கத்தினேன். றொய்ஸ்டன் கழற்றினான். பதினாலு ஒரு கணம் நின்று, பிறகு தானும் கழற்றினான்; கைகளில் விரல்வரை வெள்ளைப் பட்டி சுற்றியிருந்தது. கம்பிக் கூட்டின்மேல் வெறும் கையால் குத்துகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். றொய்ஸ்டனின் விரல் முட்டியெல்லாம் தோல் கிழிந்து தொங்கியது. பதினாலு அவன் வயிற்றில் குத்த, இவன் அவனைக் கழுத்தோடு வளைத்து முழுப்பாரத்தோடு ஐஸில் விழுத்தினான். விழுந்தவன் எழும்பவில்லை. இவன் மேலே ஏறி இருந்து கவசத்தைப் பிடித்து அவனுடைய தலையை ஐஸில் இரண்டு முறை இடித்தபோதுதான் நடுவர்கள் இருவரும் வந்து பிரித்தார்கள். பதினாலு எழும்பி, இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, தானாகவே வெளியே போனான்.

 அன்று வீட்டில் நான் விரல்களைக் கழுவிக் கட்டும்போது றொய்ஸ்டன், கையுறை கழற்றச் சொல்லி இனிமேல் சொல்லவேண்டாம் என்று இங்கிலீஷில் சொன்னான்.

“கோச் எழுதிக்கொண்டவர். நான் கண்டனான்” என்றேன்.

அடுத்த ஐந்து வாரமும் பதினாலு விளையாட வரவில்லை. ஃப்ளூ என்றார்கள். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொளுத்தினேன்.

செப்டெம்பர் கடைசியில் இறுதி ஆட்டம், நீலமும் சிவப்பும். எங்கள் நீலம் வரிசையாக ஐஸில் இறங்கியது. எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. பதினாலு வந்தான்.

முதல் இருபது நிமிஷமும் நான் ஒன்றும் கத்தவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையுறையை இடது கையால் இழுக்காமல் பெஞ்சில் அழுத்திப் போட்டான். இடப்பக்கம் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினான். இடது முழங்கையை விலாவிலிருந்து எடுக்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு. உடைந்து ஆறு வாரம் ஆகியிருக்கும், சரியாகப் பொருந்தியிராது. இவன் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறான். கட்டாயம் டாக்டர் மறித்திருப்பார். கோச் பார்க்கிறார் என்று வந்திருக்கிறான். வார்டில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் நான் காதைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்திருப்பேன்.

அப்படி இருந்தும் அவன் நன்றாக ஆடினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒற்றைக் கையால் ஆடுகிறவன் என் பிள்ளையை இரண்டு முறை ஏமாற்றிவிட்டு வட்டைக் கொண்டுபோனான். ஒரு கோல் அவனால் வந்தது. மூன்றுக்கு மூன்று. கடைசிப் பகுதியில் ஆறு நிமிஷம் மிச்சம். கோச் எதிர்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் பதினாலின்மேல் இருந்தது. றொய்ஸ்டனின்மேல் இல்லை.

வட்டு எனக்குக் கீழே மூலைக்கு வந்தது. பதினாலு அதை எடுக்க வந்தான். பதினைந்து மீற்றர் தூரத்தில் றொய்ஸ்டன்.

நான் எழுந்தேன்.

“றொய்ஸ்டன், அவன்ர இடது தோள் உடைஞ்சிருக்கு. அதில குடு. இடது தோளில குடுடா.”

நான் சொல்லப்போவது உண்மை. றொய்ஸ்டன் முதலில் அசையவில்லை. பதினாலும் அசையவில்லை. வட்டைக் காலடியில் விட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான். அவன் தப்பியிருக்கலாம். எத்தனையோ முறை தப்பியவன். இந்த முறை, இப்படிச் சொல்வது யார் என்று பார்க்கிறவன் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடுடா” என்று திரும்பவும் கத்தினேன்.

றொய்ஸ்டன் குடுத்தான். பதினைந்து மீற்றர் தூரமும் கால் எடுத்து எடுத்து வந்து, தோளைத் தாழ்த்தி, அவனுடைய இடது தோளைச் சுவரோடு வைத்து இடித்தான். கண்ணாடி அதிர்ந்தது. எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்காது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல ஒன்று. இத்தனை இரைச்சலுக்குள்ளும் எனக்கு அது கேட்டது. பதினாலு சுவரோடு சறுக்கி இறங்கினான். பிறகுதான் அலறினான்.

எங்கள் அணி மனேஜர் என் பக்கம் கையைக் காட்டி, றோஸ்மேரி, நீ நர்ஸ் அல்லவா, வா என்று கூப்பிட்டார். ஒரு பையன் என் கையைப் பிடித்து ஐஸில் நடத்திக்கொண்டு போனான். முழங்காலில் இருந்தேன். ஈரம் சேலையை நனைத்தது. கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. அவனை அசையவேண்டாம் என்று சொல்லி, கழுத்தைத் தாங்கி, கம்பிக் கூட்டின் பூட்டைக் கழற்றி மேலே தூக்கினேன்.

கறுத்த, மெலிந்த முகம். அரும்பு மீசை. நெற்றியில் வியர்வையில் கரைந்து வழிந்த திருநீறு. இறுதி ஆட்டம் என்று யாரோ பூசி அனுப்பிய திருநீறு.

எனக்குத் தமிழ் வரவில்லை. பழக்கத்தில், எங்கே நோகிறது என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

“நீங்கள் சொன்ன இடத்திலதான், அன்ரி.”

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். என் தலைக்கு மேலே றொய்ஸ்டன் நின்றான். அவன் தடி ஐஸில் விழுந்தது.

சட்டையை வெட்டினேன். எலும்பின் முனை தோலை உள்ளிருந்து கூடாரம் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. இடது கையின் நாடியைப் பிடித்தேன், கிடைக்கவில்லை. திரும்பப் பிடித்தேன். மிக மெல்லியதாக ஒன்று. உடைந்த முனை ரத்தக் குழாயை அழுத்துகிறது. அம்புலன்ஸ், இப்போதே, என்று கத்தினேன். இந்தப் பருவம் முழுவதும் நான் கத்தியதில் அது ஒன்றுதான் எல்லோருக்கும் விளங்கிய பாஷையில் கத்தியது.

அம்புலன்ஸில் நானும் ஏறினேன். கையை ஒரு நிலையில் பிடித்தபடி வந்தேன். பெயர் என்ன தம்பி என்று கேட்டேன். தனோஜன் என்றான். பதினொரு வயதில் வந்தவனாம். முதல் ஆட்டத்திலிருந்தே நான் கத்துவது எல்லாம் கேட்டானாம்.

“ஏன் தம்பி உங்கட ஆக்களுக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் கத்துறதை விட்டிடுவியள்.” கண்ணை மூடிக்கொண்டான். “எனக்கு அது லாபம்தானே, அன்ரி. நீங்கள் சொல்லுறதைக் கேட்டுத்தான் தப்பினனான்.” கொஞ்சத்தால், “பிறகு... அங்க தமிழில கத்த வேற ஆக்கள் இல்லைத்தானே” என்றான்.

நான் அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமலே அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நேராக ஒப்பரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கையெழுத்துக்குத் தாய் தகப்பன் வரவேண்டும். பாபகூராவிலிருந்து அவர்கள் வந்துசேர முக்கால் மணி ஆனது. தகப்பன் சோதிலிங்கம் பேக்கரி வேலை உடுப்போடு வந்தார், நேராக டாக்டரிடம் போனார். தாய் ரதிதேவி என்னிடம் வந்தாள். மகன் அடிபடுவதைப் பார்க்கமுடியாது என்று ஓர் ஆட்டத்துக்கும் வராதவள். ஒரு தமிழ் நர்ஸ்தான் ஐஸில் இறங்கிப் பார்த்தார் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உந்தக் குளிருக்க, தெரியாத சனத்துக்க, எங்கட ஆள் ஒராள் அவனுக்குப் பக்கத்தில நிண்டது கடவுள் செயல். நீங்கள் நாடி பிடிச்சுச் சொல்லியிராட்டி கையே போயிருக்கும் எண்டு வாசலில நர்ஸ்மார் சொன்னவை.”

சக்கரக் கட்டிலில் தனோஜன் கிடந்தான். மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, “அன்ரிதான் கையைத் தாங்கிக்கொண்டு வந்தவ, அம்மா” என்றான்.  நான் கத்தியதை அவன் சொல்லமாட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான் தப்பிவிடலாம். உண்மையைச் சொன்னால், நான் தப்பத்தான் நினைத்தேன். பரவாயில்லை தங்கச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கிளெமென்டோடு காரில் பின்னால் வந்த றொய்ஸ்டன், கவசத்தைக்கூடக் கழற்றாமல், நீலச் சட்டையோடு கதவடியில் நின்றான். ரதிதேவிக்கு முன்னால் வந்தான். ஏழு வயதுக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வெளியே தமிழ் கதைத்ததில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னான்.

“அன்ரி, நான்தான் அடிச்சனான். அம்மா சொன்னவ. அவன்ர தோள் உடைஞ்சது, அதில அடி எண்டு. நான் அடிச்சனான்.”

ரதிதேவி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பொடியன் பயத்தில் உளறுகிறான் என்று சொன்னால் நம்பியிருப்பாள், நம்பத்தான் விரும்பினாள்.

“ஓம்” என்றேன்.

அவள் என் கைகளை விடவில்லை. விட மறந்துவிட்டாள்.

“தமிழிலையோ அக்கா சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“அவனுக்குக் கேட்டதோ?”

 நானாகத்தான் என் கைகளை அவளிடமிருந்து இழுத்து எடுத்தேன். அவள் கட்டிலோடு கூடவே தியேட்டர் வாசல்வரை நடந்து போனாள். சோதிலிங்கம் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிளெமென்ட் என் தோளில் தன் கோட்டைப் போட்டுவிட்டு, என்னை லிஃப்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். 

தகடு வைத்துப் பூட்டினார்கள். கை பிழைத்தது. மோதல் விளையாட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் அவனை எங்கள் வார்டுக்கு மாற்றினார்கள். நான் லீவு போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். 

புதன்கிழமை பின்னேரம் போன் அடித்தது. றொய்ஸ்டன் எடுத்தான். கனடாக் கோச். அவர் குரல் எனக்கு இங்கேயே கேட்டது. துக்கமான விஷயம்தான், ஆனால் அந்த மோதல் விதிப்படி சுத்தமான மோதல், தொடங்கியதை முடிக்கிறவன் நீ, இடம் உனக்குத்தான் என்றார். நான் மூன்று மாதமாகக் கண்ணை மூடினால் கேட்ட வசனம் அதேதான். இவன்தான் வேண்டும்.

 வேண்டாம் என்று றொய்ஸ்டன் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவேண்டும் என்று அந்த நிமிஷத்தில் மனதார விரும்பினேன். அவன் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். தமிழில்தான் கேட்டான்.

“அம்மா, நீங்க அங்க வரமாட்டீங்கதானே? பாக்கவும் வரமாட்டீங்க?”

“வரமாட்டன்” என்றேன்.

அவன் கையை எடுத்தான். வருகிறேன் என்று கோச்சிடம் சொன்னான்.